1913 எப்சம் டெர்பி: எமிலி அன்னைக்கே சாகல

1913-ல இங்கிலாந்துல எப்சம்ங்கிற ஊர்ல நடந்த டெர்பி குதிரைப் பந்தயத்துல எமிலி டேவிசன் ராஜாவோட குதிரை முன்னாடி போய் அந்த இடத்துலயே செத்துட்டாங்க, குதிரையும் செத்துச்சு, ரேஸையே நிறுத்திட்டாங்கன்னு ஒரு மெசேஜ் சுத்துது, தயவுசெஞ்சு ஷேர் பண்ணாதீங்க, தப்பு. ஜூன் 4 அன்னைக்கு டாட்டன்ஹாம் கார்னர் வளைவுல, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடின எமிலி கம்பிவேலிக்கு அடில குனிஞ்சு டிராக்குக்குள்ள வந்தாங்க, அஞ்சாம் ஜார்ஜோட குதிரை அன்மர் மோதிச்சு. நினைவே திரும்பாம எப்சம் ஆஸ்பத்திரில கிடந்து 8-ம் தேதிதான் இறந்தாங்க. நாலு நாள்! அந்த நாலு நாளை மறைச்சிடாதீங்க. ஜாக்கி ஹெர்பர்ட் ஜோன்ஸ் அடிபட்டு பொழைச்சாரு, குதிரை எந்திரிச்சு ஆளே இல்லாம ஓடிச்சு. ரேஸ் நிக்கல, முதல்ல வந்த கிராகனூர்ங்கிற குதிரையை தகுதிநீக்கம் பண்ணி, பந்தயம் கட்டுறதுல 100-க்கு 1 விலைல (1 ரூபா கட்டினா 100 ரூபா லாபம்) இருந்த அபோயர்ங்கிற குதிரைக்கு ஜெயிப்பைக் கொடுத்தாங்க.