43-ஐ மட்டும் பிடிச்சுத் தொங்காதீங்க

அந்த கார்டு இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு. ‘உங்க அரசியலில் 43 சதவீதம் மரபணு!’ கீழே ஒரே ஹார்ட்டின் மழை: ‘எங்க கட்சி ரத்தத்துலயே ஊறினது.’ அந்த எண்ணுக்கு அர்த்தம் அது இல்லைன்னு நேற்றே சொன்னேன். ‘அக்கா எதையும் ரசிக்க விடமாட்டாங்க’ன்னு பதில் வந்தது. சரி, ரசிச்சுக்கிட்டே படிங்க.

அந்த 43, ஆல்ஃபோர்ட், ஃபங்க், ஹிப்பிங் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. இரட்டையர்களிடம் பள்ளிப் பிரார்த்தனை, மரண தண்டனை, சொத்துவரி என்று 28 விஷயங்களைக் கேட்டு, மொத்தமாக எவ்வளவு பழமைவாதி என்று அளந்தார்கள். அதே ஆய்வில் கட்சிப் பற்றையும் அளந்தார்கள். அதில் மரபணுவின் பங்கு 14 சதவீதம்தான். வளர்ந்த வீட்டின் பங்கு 41. கட்சி ரத்தத்தைவிட வீட்டில்தான் அதிகம் இருக்குன்னு நீங்க ஷேர் பண்ற ஆய்வே சொல்லுது!

கணக்கு கஷ்டமில்லை. ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையர் கருத்தில் ஒத்துப்போகும் அளவு (முழுசா ஒத்துப்போனா 1) 0.65, இரு கரு இரட்டையருக்கு 0.45 என்று வைங்க. முன்னவர்கள் மரபணு முழுக்க ஒன்று, பின்னவர்களுக்குச் சராசரியாகப் பாதி. அதனால் வித்தியாசம் 0.20-ஐ இரட்டிப்பாக்கினால் மரபணுவின் பங்கு 0.40. வீடு 0.25. மீதி 0.35 அவரவர் அனுபவமும் அளவீட்டுப் பிழையும். இது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டின் கணக்கு. உங்க ஒருத்தர் மண்டையைப் பிளந்து 43 சதவீதம் எடுக்க முடியாது. எல்லா வீடும் ஒரே மாதிரி ஆகிட்டா, எந்த ஜீனும் மாறாமலே அந்த எண் ஏறும்.

‘அப்போ ஜீனே இல்லையா?’ இருக்குங்க, யார் இல்லைன்னா? ஒரே கரு இரட்டையரை ஊரே ஒரே மாதிரி நடத்துமே என்ற ஆட்சேபம் நியாயம்தான். எண் கொஞ்சம் ஊதியிருக்கலாம். ஆனா ஒத்த கருத்துள்ளவர்களே கல்யாணம் பண்ணிக்கிறதால அப்பா அம்மா ஜீனும் ஓரளவு ஒத்திருக்கும்; அதனால இரு கரு இரட்டையரும் கூடுதலா ஒத்துப்போவாங்க. அது எண்ணைக் குறைச்சும் காட்டும். இதை மட்டும் யாரும் கேட்கமாட்டேங்கறீங்க.

‘பயந்தவன் வலதுசாரி’ கார்டும் வந்தாச்சு. 2008-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 46 பேரிடம், முகத்தில் பெரிய சிலந்தி உட்கார்ந்த படமெல்லாம் காட்டி, தோல் வியர்வையை அளந்து, அதிகம் வியர்த்தவங்க வலதுசாரிப் பக்கம் சாய்ஞ்சாங்கன்னு சொன்ன ஆய்வு அது. 2020-ல் 202 பேரிடம் திரும்பச் செய்தபோது அந்தத் தொடர்பே கிடைக்கலை. அதுக்கு யாராவது கார்டு போட்டீங்களா?

ரத்தம், ரத்தம்னு பேசறவங்க அடுத்து எங்கே போவாங்கன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லணுமா? கட்சியில ஆரம்பிச்ச அந்த கமெண்ட் வரிசை இன்னிக்குக் காலையில ‘எங்க பரம்பரை’யில வந்து நிக்குது. அதுக்கும் ஹார்ட்டின்.