ஆடிக் காற்றைப் படமெடுக்கக் கூர்மை போதாது

இலை நரம்புவரை தெளிவாகத் தெரிந்தால்தான் நல்ல இயற்கைப் படம் என்ற எண்ணம் நம் குமரி மாவட்டத்துப் படங்களையெல்லாம் ஒன்றுபோல் ஆக்கிவிட்டது என்று கருதுகிறேன். முக்கடல் கூடுமிடத்துச் சூரிய உதயத்தையே பாருங்கள்: விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, பக்கத்தில் செக்கச் சிவந்த சூரியன். எடுத்தவர் பெயரை மாற்றிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அங்குள்ள ஒரு பனையை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் எடுத்தால், ஓலைகள் உறைந்துபோய், காற்றே வீசாத ஊரின் படம்தான் கிடைக்கும். கேமராவை முக்காலியில் நிறுத்தி ஒரு நொடி ஷட்டரைத் திறந்து வையுங்கள். அடிமரம் கூர்மையாக நிற்க, ஓலைகள் மட்டும் கலைந்து, காற்று படத்துக்குள் வந்துவிடும்.

கேமராவையே அசைத்து எடுப்பது இன்னொரு வழி. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், மரங்கள் இலை உதிர்க்குமுன் பழுத்து நிற்கும் நாட்களில், அரை நொடிக்குள் கேமராவை மேலிருந்து கீழாக இழுத்தால், வரிசையான மரங்கள் சாம்பல் கோடுகளாக நிற்க, இலைகள் வெறும் நிறமாகிவிடும். முட்டம் கடலில் அடிவானத்தை ஒட்டிப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். எடுக்கும் பொருளுக்கு இயல்பான கோடு எதுவோ அதன் வழியே கை போக வேண்டும்; இல்லையேல் அது கை நடுங்கிய படம்தான். மூட்டமான மாலையில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸின் துளையைச் சிறிதாக்கும் எஃப் 22 என்று வைத்தாலே கால் நொடி ஷட்டர் கிடைத்துவிடும். உச்சி வெயிலில் மட்டும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேவைப்படும்.

இதெல்லாம் ஓவியர்கள் வேலை, ஒளிப்படமாகாது என்கிறவர்கள் உண்டு. ஆனால் இரண்டும் அவ்வளவு தூரமில்லை: பிரெஞ்சு ஓவியர் மோனே 1872 என்று தேதியிட்ட லெ ஆவ்ர் துறைமுக விடியல் ஓவியம், இம்ப்ரெஷனிசம் என்ற ஓவிய இயக்கத்துக்கே பெயர் தந்த ஓவியம், 1874இல் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டது நாடார் என்ற ஒளிப்படக் கலைஞரின் பழைய ஸ்டுடியோவில்தான். (நம்மூர் நாடார் அல்லர், அது அவருடைய புனைபெயர்.) அதற்காக, கூர்மையாக எடுத்த படத்தைக் கைபேசிச் செயலியில் போட்டு எண்ணெய் ஓவியமாக்குவதை இதோடு சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. காற்றும் அலையும் கையும் சேர்ந்து செய்ய வேண்டியதை அங்கே ஒரு பொத்தான் செய்துவிடுகிறது.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்றும் சொல்லமாட்டேன். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களில் பறவைக் கணக்கெடுக்கப் போகிறவருக்கு அலகும் கால் நிறமும் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். அங்கே மங்கல் படம் எதற்கும் உதவாது. கணக்கெடுப்பு முடிந்தபின், கொக்குக் கூட்டம் எழும்பும்போது பதினைந்தில் ஒரு பங்கு நொடிக்கு இறங்கிப் பார்ப்பதில் தடையில்லை.