கர்ப்பிணிகளிடம் பால்மாவு கம்பெனிக்கு என்ன வேலை?

ஞாயிற்றுக்கிழமை இங்கே மலேசியாவில், பட்டர்வொர்த்தில் நடந்த தாய்மார் முகாமின் படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கர்ப்பிணிகளுக்கான முகாமில் பால்மாவு கம்பெனிக்கு என்ன வேலை? வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பை, பைக்குள் சின்ன டின். போதாததற்குக் கம்பெனிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, ஒவ்வொருவரின் பிரசவத் தேதியையும் கைப்பேசி எண்ணையும் எழுதி வாங்குகிறாள்.

பால்மாவை விற்காதே என்று நான் சொல்லவில்லை. தாயைத் தேடி வந்து விற்காதே என்கிறேன். 1981-இல், உலகச் சுகாதார நிறுவனத்தின் பேரவை பால்மாவு விற்பனைக்கென ஏற்ற நெறிமுறை சொல்வதும் இதைத்தான்: பொதுமக்களிடம் விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது, விற்பனை ஆள் தாயை நெருங்கக் கூடாது. மலேசியா அதற்கும் முன்பே, 1979-இல், தனக்கென ஒரு நெறிமுறை எழுதி வைத்த நாடு. அத்தனை வருஷமாகியும் அது சட்டமாகவில்லை.

என் தங்கச்சிக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது, மருத்துவமனையிலிருந்து வரும்போதே ஒரு டின்னும் கூட வந்தது. மூன்றாம் நாள் ராத்திரி பிள்ளை வீறிட்டு அழ, "பால் பத்தலைடி, அந்த டின்னை உடை" என்றார் அத்தை. புட்டியில் குடித்த பிள்ளை அசந்து தூங்கியது. அப்புறம் மார்பில் வைத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சப்பாவிட்டால் எங்கிருந்து ஊறும்? பால் கட்டி, காய்ச்சல் வந்து, வலி தணிய மார்பில் முட்டைக்கோஸ் இலையை வைத்துக்கொண்டு அவள் அழுதது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அத்தை நல்ல மனசோடுதான் சொன்னார். வீட்டில் அந்த டின் இல்லாதிருந்தால் அந்த ராத்திரி எப்படியோ கழிந்திருக்கும்.

"பால் இல்லாதவள் என்ன செய்வாள்?" என்பீர்கள். கடையில் வாங்கிக் கொடுப்பாள். அவளை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகிறவள்? 2023 முதல் 98 நாள் பேறுகால விடுப்பு. போதாதுதான், அது வேறு சண்டை. ஆனால் "இது ஒரு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைக்கான பால்" என்று கம்பெனி சொல்லும் சாக்கைத்தான் தாங்க முடியவில்லை. அதே பெயர், அதே நிறம், டின்னில் எண் மட்டும் வயசுக்கேற்ப 1, 2, 3 என்று மாறுகிறது. மூன்று வயது வரைக்குமான பாலும் நெறிமுறைக்குள் அடக்கம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

"ஸ்பான்சர் இல்லாமல் முகாம் நடத்த முடியுமா?" என்று ஏற்பாட்டாளர் ஒருவர் எனக்கே எழுதுகிறார். அண்ணே, கோயில் அன்னதானம் என்றால் நம் மக்கள் அரிசியை மூட்டை மூட்டையாக இறக்குவதில்லையா? பிள்ளைத்தாய்ச்சிக்கு நாலு நாற்காலி போட்டு ஒரு தாதியை உட்காரவைக்க நம்மிடம் காசில்லையா? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அடுத்த முகாம் பக்கத்து ஊரான பிறையில் என்று கேள்விப்பட்டேன். செலவு எவ்வளவு என்று சொல்லுங்கள், நாங்கள் திரட்டித் தருகிறோம். பால்மாவு கம்பெனியை உள்ளே விடாதீர்கள்.