அந்த 1 பவுண்டு சின்ன பப்புக்கான வரி இல்லை

ஒருவர் தன் பதிவில், "பிரிட்டனில் இனி சின்ன பப்பில் பாட்டுக் கேட்கப் போனாலும் அரசுக்கு 1 பவுண்டு வரி" என்று எழுதியிருக்கிறார். விஷயம் தலைகீழ். 5,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்குகள், ஸ்டேடியங்களின் டிக்கெட்டில் மட்டும் எடுக்கும் தொகை அது. போய்ச் சேர வேண்டியதே நேரடி இசை நடக்கும் சின்ன இடங்களுக்குத்தான். நாடாளுமன்றக் குழு 2024 மே மாதம் பரிந்துரைத்தது. அரசு நவம்பரில் ஆதரித்தது, சட்டமாக அல்ல, அவரவர் விருப்பத்துக்கு விட்டு. கோல்ட்ப்ளே என்ற பிரிட்டிஷ் இசைக்குழு 2025 வெம்ப்ளி, ஹல் கச்சேரி வருமானத்தில் 10 சதவீதத்தை, சின்ன இசை அரங்குகளுக்கு உதவும் அமைப்பான மியூசிக் வென்யூ டிரஸ்டுக்குத் தர முன்வந்ததும் இதே நோக்கத்தில்தான்.

பப் டிக்கெட்டில் உண்மையிலேயே ஒரு வரி இருக்கிறது: 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி). அதைப் பற்றிக் கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். புது இசைக்குழு வாசிக்கும் இரவில் டிக்கெட் காசு பல நேரம் சவுண்ட் எஞ்சினியர் சம்பளத்துக்கும் குழுவின் பணத்துக்குமே போதாது. பீர் விற்ற காசில்தான் மேடை ஓடுகிறது. 2023இல் மட்டும் 125 இடங்கள் நேரடி இசையை நிறுத்தின என்கிறது அந்த டிரஸ்டின் கணக்கு. தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள். அதைப் படித்துவிட்டு, உதவ வந்த திட்டத்தையே பலர் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.