ஒரு நாள் தள்ளி விழுந்த கோபுரம்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஃபிரவுன்கிர்ஷே தேவாலயத்தைப் பற்றிய கட்டுரையில் "1945 பிப்ரவரி 13 இரவு குண்டுவீச்சில் தரைமட்டமானது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத் திருத்த வேண்டும். அந்த இரவைத் தேவாலயம் தாங்கி நின்றது. உள்ளே பற்றிய நெருப்பில் வெந்த மணற்கல் தூண்கள் வலுவிழந்து, சுமார் 12,000 டன் எடையுள்ள கல் குவிமாடத்தைச் சுமக்க முடியாமல் 15ஆம் தேதி காலையில்தான் சரிந்தன. ஊரே எரிந்தபின் இது மட்டும் நிற்கிறதே என்று மறுநாள் பார்த்தவர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்!

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. டிரெஸ்டனைத் தலைநகராகக் கொண்ட சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ் போலந்து மகுடத்துக்காக 1697இல் கத்தோலிக்கராக மாறினார். நகர மக்கள் மார்ட்டின் லூதர் வழிவந்த புராட்டஸ்டண்டுகளாகவே, அதாவது லூத்தரன்களாகவே நீடித்தார்கள். 1726இல் அவர்களுக்காகக் கட்டத் தொடங்கிய இந்தத் தேவாலயத்தை அந்தப் பின்னணியில் பார்த்தால்தான் அதன் பிரம்மாண்டம் புரியும். அதை வடிவமைத்த கியார்க் பேர் என்பவர் தச்சுத் தொழிலில் பயின்றவர். 1738இல் இறந்துவிட்டார், பணி 1743இல்தான் முடிந்தது. என்னை மிகவும் வருத்தும் செய்தி இது.

கிழக்கு ஜெர்மனி காலத்தில் இடிபாடு போர் நினைவுச் சின்னமாகக் கிடந்ததையும், 1982இல் இளைஞர்கள் அங்கே மெழுகுவர்த்தி ஏந்தி அமைதிக்காகக் கூடியதையும் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். மறுபடி கட்டப்பட்டு 2005இல் திறக்கப்பட்ட தேவாலயத்தின் சுவர்களில் தெரியும் கறுப்புக் கற்களை அழுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அவை இடிபாட்டிலிருந்து எடுத்து மீண்டும் பதித்த பழைய கற்கள்.