ஆறாவது நட்சத்திரம் பிரேசிலுக்குக் கிடைக்குமா?

கால்பந்து உலகக் கோப்பை நெருங்கினால் வடசென்னையில் வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் பிரேசில் கொடி ஏறிவிடும். இந்த முறையும் ஏறும். ஆனால் அதைக் கட்டுகிறவர்களின் பேச்சில் பழைய உறுதி இல்லை. வென்ற ஒவ்வொரு கோப்பைக்கும் ஒன்றாகப் பிரேசில் சட்டையில் ஐந்து நட்சத்திரங்கள்; ஐந்தாவதாக, கடைசியாகக் கோப்பையை வென்றது 2002-இல். இன்று கல்லூரியில் படிக்கும் ரசிகர் ஒருவர், தன் அணி உலகக் கோப்பையை வென்று பார்த்ததே இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் சொல்லக் கேட்டதோடு சரி. ஆகவே ‘பிரேசிலின் காலம் முடிந்துவிட்டதா’ என்று நண்பர்களிடையே ஓயாமல் நடக்கும் விவாதத்தில் என் தரப்பை இங்கே எழுதி வைக்கிறேன். அவர்களால் மீண்டும் வெல்ல முடியும் என்றே நான் கருதுகிறேன். ஆனால், எந்த ஆட்டத்துக்காக நாம் பிரேசிலை நேசிக்கத் தொடங்கினோமோ, அதை ஓரளவு கைவிட்டால்தான் அது நடக்கும்.

முடிந்துவிட்டது என்போர் முதலில் 2026 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றைத்தான் எடுத்து வைக்கிறார்கள். 18 ஆட்டங்களில் 6 தோல்வி, 28 புள்ளிகள், தென் அமெரிக்காவில் ஐந்தாம் இடம். நான்கு அணிகள் மட்டுமே நேரடியாகத் தகுதி பெற்ற பழைய முறை நீடித்திருந்தால் நேரடி இடமே கிடைத்திருக்காது. 2023 நவம்பரில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் அர்ஜென்டினாவிடம் தோற்றபோது, சொந்த மண்ணில் ஒரு தகுதிச் சுற்று ஆட்டத்தை முதன்முறையாக இழந்தார்கள். 2025 மார்ச்சில் அதே அர்ஜென்டினாவிடம் 4-1 என்று தோற்றதும் பயிற்சியாளர் டோரிவால் ஜூனியரின் பதவி போயிற்று. இவை எல்லாம் உண்மை. ஆனால் 2002 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றிலும் பிரேசில் இதேபோல் 6 ஆட்டங்களில் தோற்றது, 30 புள்ளிகள்தான் பெற்றது, பயிற்சியாளர்களை மாற்றிக்கொண்டே இருந்தது, இடையில் தென் அமெரிக்கக் கோப்பையான கோபா அமெரிக்காவில் ஹோண்டுராஸிடம்கூடத் தோற்றது என்பதை யாரும் நினைவுகூர்வதில்லை. அந்த அணிதான் ஸ்கொலாரியின் கீழ் ஐந்தாவது கோப்பையைத் தூக்கியது. தகுதிச் சுற்றுப் பட்டியலை வைத்துக் கோப்பையைக் கணிப்பது வீண் வேலை.

கவலைப்பட வேண்டிய பட்டியல் வேறு, உலகக் கோப்பையில் பிரேசிலை வெளியேற்றிய அணிகளின் பட்டியல். 2006-இல் பிரான்ஸ், 2010-இல் நெதர்லாந்து, 2014-இல் ஜெர்மனி, 2018-இல் பெல்ஜியம், 2022-இல் குரோஷியா. 2002 இறுதிப் போட்டிக்குப் பிறகு உலகக் கோப்பை நாக் அவுட் சுற்றில் எந்த ஐரோப்பிய அணியையும் பிரேசில் வென்றதில்லை. அந்த ஐந்து ஆட்டங்களையும் திரும்பப் பார்த்தால், திறமைக் குறைவால் தோற்றதாக ஒன்றையும் சொல்ல முடியாது. 2010-இல் ரொபீன்யோ கோல் அடித்து முன்னிலை பெற்ற பிறகு, இரண்டாம் பாதியில் நிதானம் இழந்து, ஃபெலிப்பி மெலோ சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். (அந்தத் தொடரில் இரண்டு கோல் அடித்துவிட்டுக் காயத்தால் அந்தக் காலிறுதியில் ஆட முடியாமல்போன எலானோவைத்தான், 2014-இல் சென்னையின் எஃப்சி சட்டையில் நேரு ஸ்டேடியத்தில் நாம் பார்த்தோம்.) 2014-இல் ஜெர்மனி ஆறு நிமிடங்களுக்குள் நான்கு கோல் அடித்தபோது நடுக்களத்தில் பந்தை மறிக்க ஆளே இல்லை. 2018-இல் நடுக்களக் காவலர் கேசமிரோ தடையால் ஆட முடியாத நாளில், பிரேசிலுக்குக் கிடைத்த கார்னரிலிருந்தே பெல்ஜியம் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி, டி பிரைனின் காலால் கோலாக்கியது. 2022-இல் நெய்மரின் கோலால் கூடுதல் நேரத்தில் முன்னிலை பெற்று, 117-ஆம் நிமிடத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்துக்கொண்டிருந்தவர்கள் எதற்காக அத்தனை பேர் முன்னால் போய் நின்றார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. குரோஷியா ஒரே ஒரு எதிர்த்தாக்குதலில் சமன் செய்தது. பெனால்ட்டியில் கதை முடிந்தது.

பந்து கையை விட்டுப் போன கணத்தில் நடுக்களம் திறந்து கிடப்பதுதான் நோய். அதற்கு மருந்து பிரேசிலின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 1970-க்குப் பிறகு 24 ஆண்டுகள் காத்திருந்து 1994-இல், அதுவும் அமெரிக்காவில், வென்றார்கள். 2002-இலிருந்து 2026-உம் 24 ஆண்டுகள், இம்முறையும் அமெரிக்காதான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 1994 அணி எப்படி ஆடியது என்பதைப் பொருட்படுத்துகிறேன். துங்காவும் மவுரோ சில்வாவும் நடுக்களத்தைக் காவல் காத்தார்கள். பயிற்சியாளர் பரெய்ரா, கேப்டன் ராயையே நடுவழியில் அணியிலிருந்து எடுத்துவிட்டு மசின்யோவை இறக்கினார். ஏழு ஆட்டங்களில் அவர்கள் வாங்கிய கோல்கள் மூன்றே. இறுதிப் போட்டி கோலே இல்லாமல் பெனால்ட்டிக்குப் போனது. அந்த அணியைச் சொந்த நாட்டவரே அலுப்பூட்டும் அணி என்று திட்டினார்கள். கோப்பை வந்து சேர்ந்தது.

நெய்மர் இல்லாமல் முடியாது என்போர், 1993-இல் கடைசித் தகுதி ஆட்டத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்ட ரொமாரியோ உருகுவேக்கு எதிராக இரண்டு கோல் அடித்ததை உதாரணம் காட்டுகிறார்கள். அப்போது ரொமாரியோவுக்கு 27 வயது. பார்சிலோனாவில் உச்சத்தில் இருந்தார். நெய்மருக்கு இந்தப் பிப்ரவரியில் 34 நிறைந்தது. 2023 அக்டோபரில் முழங்காலில் பட்ட பெருங்காயத்துக்குப் பிறகு அவர் பழைய வேகத்தில் ஓடியதில்லை. அணியில் அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆட்டம் அவரைச் சுற்றி அமைந்தால் அந்த நடுக்களம் மறுபடியும் திறந்துவிடும்.

பிரேசிலின் பயிற்சியாளராக இத்தாலியர் அன்செலோட்டி வந்ததை நான் வரவேற்பதற்குக் காரணம் இதுதான். இதுவரை நடந்த 22 உலகக் கோப்பைகளில் வெளிநாட்டுப் பயிற்சியாளரை வைத்து எந்த நாடும் வென்றதில்லை என்று ஆட்சேபிக்கிறார்கள். ஆனால் கோப்பை வென்ற நாடுகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவரை நியமித்துப் பார்த்ததே அரிது என்பதால், அந்த வாதத்துக்கு நான் அதிக எடை தர மாட்டேன். பயிற்சியாளராக ஐந்து முறை ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக்கை வென்ற அந்த மனிதருக்கு அழகாக ஆட வேண்டும் என்ற வீம்பு கிடையாது. பின்னால் ஒதுங்கி நின்று, முன்கள வீரர் வினீசியஸ் போன்ற ஒருவருக்குப் பந்தை அனுப்பி வெல்வதை அவர் ரியல் மாட்ரிட்டில் பலமுறை செய்து காட்டியவர். ஃபுல் பேக், அதாவது ஓரங்களில் ஆடும் தற்காப்பு வீரர்களின் இடம் மட்டும் உறுத்துகிறது. கஃபுவும் ராபர்ட்டோ கார்லோசும் ஓடிய ஓரங்களில் இன்று அந்தத் தரத்தில் யாரும் இல்லை.

மொராக்கோவுடன் ஆடும் பிரிவு ஆட்டமே பாதி விடையைச் சொல்லிவிடும். 2022-இல் அரையிறுதி வரை சென்ற அந்த அணி, 2023-இல் பிரேசிலை நட்பு ஆட்டத்தில் வீழ்த்தியும் இருக்கிறது. அதில் பிரேசில் எத்தனை கோல் அடிக்கிறது என்பதை நான் பார்க்கப்போவதில்லை. முன்னிலை பெற்ற பிறகு எத்தனை பேர் பந்துக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்பதைத்தான் எண்ணப்போகிறேன். ஐந்தாறு பேராவது நின்றால் அரையிறுதி நிச்சயம், கோப்பையும் எட்டும் தூரம்தான். இல்லையென்றால் மறுபடியும் காலிறுதியில் ஏதோ ஒரு ஐரோப்பிய அணியிடம் தோற்பார்கள்.