சொங்னம் கிளப்புக்கு யார் காசு?

மாநகராட்சியே ஒரு கால்பந்து கிளப்பை வைத்து நடத்தலாமா என்று யாராவது கேட்டால், நான் தென் கொரியாவின் சொங்னம் எஃப்சி கதையைத்தான் சொல்வேன். நடத்தலாம் என்பவர்களுக்கும் கூடாது என்பவர்களுக்கும் அதில் சாட்சி இருக்கிறது.

1989இல் அது இல்வா சொன்மா என்ற பெயரில் தொடங்கியது. இல்வா என்பது, சன் மியுங் மூன் என்ற மதத் தலைவர் தொடங்கிய யூனிஃபிகேஷன் சர்ச் என்ற சபைக்குச் சொந்தமான கம்பெனி. சியோல், சொனான் என்று ஊர் மாறி 2000இல் சொங்னம் வந்து சேர்ந்தது. அங்கிருந்த மற்ற கிறிஸ்தவ அமைப்புகள், இந்தச் சபையின் டீம் எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று எதிர்த்தன. அதையும் மீறி டீம் ஜெயித்துக்கொண்டே இருந்தது. கொரிய லீக் பட்டம் மொத்தம் 7 முறை, ஆசிய சாம்பியன் பட்டம் 1995, 2010 என்று 2 முறை. காசு சபையிடமிருந்து வந்ததால், மைதானத்தில் கூட்டம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

2012இல் மூன் இறந்தார். அடுத்த ஆண்டே சபை கை விரித்துவிட்டது. டீம் பக்கத்து ஊரான ஆன்சானுக்குப் போகப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2013 அக்டோபரில் அப்போதைய மேயர், மாநகராட்சியே கிளப்பை எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தார். அந்த மேயர் லீ ஜே மியுங். ஆமாம், இன்றைய கொரிய அதிபரேதான். மஞ்சள் ஜெர்சி கறுப்பானது, சின்னத்தில் ஊரின் பறவையான மேக்பை வந்து உட்கார்ந்தது.

முதல் வருடம் கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்படாமல் தப்பவே படாத பாடு பட்டார்கள். அதே வருடம் கொரிய எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம், எதிரில் எஃப்சி சியோல், அதுவும் அவர்கள் மைதானத்தில். கூடுதல் நேரம் முடியப்போகிறது, இன்னும் 0-0. பெனால்டிக்காகவே ஒரு மாற்றுக் கீப்பரை இறக்கலாம் என்று சியோல் கோட்டோரம் நிற்க வைத்திருந்தது. பந்து வெளியே போனால்தானே ஆளை மாற்ற முடியும்? சொங்னம் ஆட்கள் பந்தை வெளியே விடாமல் தங்களுக்குள்ளேயே பாஸ் செய்துகொண்டிருந்தார்கள். விசில் அடித்துவிட்டது, அந்தக் கீப்பர் நின்ற இடத்திலேயே நின்றார். பெனால்டியில் சொங்னம் 4-2. அடுத்த வருடம் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில், கோடிகளைக் கொட்டிய சீனக் கிளப் குவாங்சோ எவர்கிராண்டேயைச் சொந்த மண்ணில் 2-1 என்று ஜெயிக்கவும் செய்தார்கள். வெளியூர் ஆட்டத்தில் தோற்று வெளியேறியது வேறு விஷயம்.

சரி, இதற்கெல்லாம் காசு? மாநகராட்சி பட்ஜெட் ஒரு பகுதி, மீதி ஸ்பான்சர். வம்பு அந்த மீதியில்தான். 2015 ஜெர்சியின் நெஞ்சில் ரோலிங் ஜூபிலி என்று இருக்கும். ஏழைகளின் வாராக்கடனை அடிமாட்டு விலைக்கு வாங்கித் தள்ளுபடி செய்யும் இயக்கம் அது. கடனில் மூழ்கியவர்களுக்கு உதவும் தொண்டு அமைப்பு, கால்பந்து ஜெர்சியில் விளம்பரம் கொடுக்க எங்கே போகும்? பணம் நேவர் என்ற கொரிய இணையக் கம்பெனியுடையது. அந்த அமைப்புக்குப் போய், அங்கிருந்து கிளப்புக்கு வந்தது.

நேவர், தூசான் உள்ளிட்ட 4 கம்பெனிகளிடமிருந்து 1,335 கோடி வோன் இப்படி வந்தது, அதற்குப் பதிலாகக் கட்டட அனுமதி, நில வகை மாற்றம் போன்ற சலுகைகள் கிடைத்தன என்று 2023 மார்ச்சில் அரசுத் தரப்பு லீ மீது வழக்குப் போட்டது. அது முறையான விளம்பர ஒப்பந்தம், என் பைக்கு எதுவும் வரவில்லை என்பது அவர் வாதம். அவர் அதிபரானதும் அவர் மீதான விசாரணையை நீதிமன்றம் ஒத்திவைத்துவிட்டது. குற்றமா இல்லையா என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் கட்டட அனுமதிக் கோப்பில் கையெழுத்துப் போடும் மேயரே கிளப்பின் தலைவராகவும் உட்கார்ந்திருந்தால், அங்கே வரும் ஒவ்வொரு ஸ்பான்சர் காசும் சந்தேகக் காசுதான். மேயர் உத்தமராகவே இருந்தாலும் இதேதான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2022இல் லீயின் கட்சிக்குப் போட்டியான கட்சியிலிருந்து மேயர் வந்ததும் கிளப்பை விற்றுவிடலாம் என்று பேச ஆரம்பித்தார். அந்த சீசனில் கடைசி இடம், கீழ் டிவிஷன். லீ வளர்த்தது என்பதாலேயே புதிய மேயருக்கு அது ஆகாமல் போனது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரசிகர்கள் மறுபடி போராடினார்கள், கடைசியில் விற்கவில்லை.

இதே நாட்டில் தேகு நகரமும் இருக்கிறது. 2002இல் பொதுமக்களுக்குப் பங்கு விற்றுத் தொடங்கிய கிளப், அங்கேயும் தலைவர் மேயர்தான். ஆனால் 2019இல் சுமார் 12,000 பேர் உட்காரும் மைதானம் ஒன்றை ஊருக்குள்ளேயே கட்டி, பெயர் உரிமையை உள்ளூர் வங்கிக்கு விற்றார்கள். தரை அலுமினியம். கூட்டம் மொத்தமும் காலால் தட்டினால் மைதானமே அதிரும். டிக்கெட் தீர்ந்துபோகும் நாட்களும் வந்தன.

ஆகவே மாநகராட்சி கிளப் கூடாது என்பவர்களோடு நான் சேரமாட்டேன். பூங்காவுக்கும் நூலகத்துக்கும் செலவழிக்கும் ஊர், தன் டீமுக்கும் செலவழிக்கட்டும். அது பட்ஜெட்டில் இவ்வளவு என்று வெளிப்படையாக வரட்டும், கவுன்சிலில் அடித்துக்கொண்டு ஓட்டுப் போடட்டும். மாநகராட்சியில் கோப்பு நிலுவையில் உள்ள எந்தக் கம்பெனியும் ஜெர்சிப் பக்கமே வரக்கூடாது. கிளப் நிர்வாகியின் பதவிக்காலத்தை மேயர் தேர்தலோடு முடிச்சுப் போடவும் கூடாது.